கட்டட ஆற்றல் ஒப்புருவாக்கத்தில் விசிறி, பம்பு மின்நுகர்வை மதிப்பிடுதல்: சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குளிரூட்டப்பட்ட கட்டடம் ஓராண்டில் எவ்வளவு மின்சாரம் நுகரும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணிக்கக் கணினி ஒப்புருக்கள் பயன்படுகின்றன. சுவர், கண்ணாடி, வானிலை ஆகியவற்றுக்கான தரவுகள் இவற்றில் கவனமாக உள்ளிடப்படுகின்றன. காற்றைத் தள்ளும் விசிறிக்கும் நீரைச் சுற்றிவிடும் பம்பிற்கும் உரிய மதிப்புகளோ பல வேளைகளில் மென்பொருளின் இயல்பு மதிப்புகளாகவே விடப்படுகின்றன. இவ்வழக்கம் ஆண்டு நுகர்வுக் கணிப்பை எந்த அளவிற்குப் பிறழச் செய்யும் என்பதை அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதியின் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. அழுத்த உயர்வு, பயனுறுதிறன், பகுதிச் சுமை வளைகோடு ஆகிய மூன்றையும் வடிவமைப்பு ஆவணங்களிலிருந்தோ நேரடி அளவீட்டிலிருந்தோ பெறவேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கட்டட ஆற்றல், ஒப்புருவாக்கம், விசிறி, பம்பு, பகுதிச் சுமை, அம்பத்தூர்

முன்னுரை

1964-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரப் பட்டறைகளோடும் உதிரிபாக ஆலைகளோடும் இன்று தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் நிற்கின்றன. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் மருத்துவமனைகள், கல்லூரிகள், வணிகக் கட்டடங்கள் பெருகியுள்ளன. இத்தகைய கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பை மத்திய அரசு 2007-இல் வெளியிட்டு 2017-இல் திருத்தியது. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்புச் சுமை கொண்ட வணிகக் கட்டடங்கள் அதன் வரம்பிற்குள் வருகின்றன. விதித்தொகுப்பை நிறைவு செய்ததாகக் காட்டும் வழிகளுள் ஒன்று முழுக்கட்டட ஒப்புருவாக்கம். முன்மொழியப்படும் கட்டடத்தின் ஆண்டு நுகர்வு, அதே வடிவுடைய நியமக் கட்டடத்தின் நுகர்வை மிகாது என்று அவ்வழியில் மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே ஒப்புருவில் இடப்படும் ஒவ்வோர் எண்ணும் சட்டப் பொருத்தப்பாடு பற்றிய ஒரு கூற்றாகிறது.

விசிறி என்னும் சொல் இக்கட்டுரையில் கூரை மின்விசிறியைக் குறிக்கவில்லை. ஏ.எச்.யூ. எனப்படும் காற்றுக் கையாளும் அலகினுள் இருந்து, குளிர்ந்த காற்றைக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்பும் கருவியை அது குறிக்கிறது. பணியாளர் வழக்கில் இது புளோயர் எனப்படும். சில்லரிலிருந்து அலகிற்கும், சில்லரிலிருந்து மொட்டைமாடிக் கூலிங் டவருக்கும் நீரைச் சுற்றிவிடுவன பம்புகள்.

கணக்கீட்டின் அடிப்படை

அமெரிக்க எரிசக்தித் துறையின் எனர்ஜிபிளஸ் உள்ளிட்ட மென்பொருள்கள் விசிறியின் முழுச்சுமைத் திறனைக் கீழ்க்காணும் வாய்பாட்டால் கணிக்கின்றன:

மின்திறன் = பாய்வு வீதம் × அழுத்த உயர்வு ÷ மொத்தப் பயனுறுதிறன்

இம்மூன்றனுள் பாய்வு வீதத்தை மட்டுமே ஒப்புரு தானாகக் கணிக்க இயலும். அறையின் வெப்பச் சுமை தெரிந்தால் தேவைப்படும் காற்றின் அளவு தெரியும். அழுத்த உயர்வோ குழாயின் நீளம், வளைவுகள், வடிகட்டி, குளிர்ச்சுருள் ஆகியவற்றைச் சார்ந்தது. ஒப்புருவில் இவற்றின் வடிவம் வரையப்படுவதில்லை. பயனர் தரும் ஓர் எண்ணாகவே அழுத்தம் உள்ளே வருகிறது. பயனுறுதிறனும் அவ்வாறே. அறைகளின் வடிவத்தை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் இவ்விரு எண்களின் பிழை குறையாது.

எனர்ஜிபிளஸில் மொத்தப் பயனுறுதிறன் என்பது மோட்டாரின் பயனுறுதிறனையும் உள்ளடக்கியது. மோட்டாருக்கெனத் தனியே கேட்கப்படும் மதிப்பு, வெப்பம் எங்குச் சேர்கிறது என்பதைப் பிரிக்கவே பயன்படுகிறது. இதனை அறியாமல் விசிறிச் சக்கரத்தின் பயனுறுதிறனை மட்டும் மொத்தம் என உள்ளிட்டால், மோட்டாரின் இழப்பு கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

5,000 சதுர மீட்டர் தளப்பரப்பும் 500 கிலோவாட் குளிர்ச்சுமையும் உடைய அலுவலகம் ஒன்று அம்பத்தூரில் இருப்பதாகக் கொள்வோம். விளக்கத்திற்காக அதன் காற்றுப் பாய்வு நொடிக்கு 25 கன மீட்டர் என்றும், ஆண்டு இயக்கம் 3,000 மணி நேரம் என்றும், விசிறி முழு வேகத்திலேயே இயங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் நிலையில் அழுத்த உயர்வு 500 பாஸ்கல், மொத்தப் பயனுறுதிறன் 0.7. மின்திறன் 17.9 கிலோவாட். இரண்டாம் நிலையில் நீண்ட குழாய்களையும் வடிகட்டியையும் கருதி அழுத்தம் 1,000 பாஸ்கல் எனக் கொள்ளப்படுகிறது. பயனுறுதிறன், 2017 விதித்தொகுப்பு விசிறிக்குக் கோரும் குறைந்தபட்ச 60 விழுக்காட்டையும் மோட்டாருக்கு 90 விழுக்காட்டையும் பெருக்கி, 0.54 என எடுக்கப்படுகிறது. மின்திறன் 46.3 கிலோவாட். கட்டடமும் காற்றின் அளவும் மாறவில்லை. விசிறியின் மின்திறன் மட்டும் ஏறத்தாழ 2.6 மடங்காகிறது.

வேறுபாடு இத்துடன் நிற்பதில்லை. விசிறி நுகரும் ஆற்றல் முழுவதும், மோட்டார் காற்றோட்டத்தினுள் இருப்பின், வெப்பமாகக் காற்றில் சேர்கிறது. முதல் நிலையில் காற்று ஏறத்தாழ 0.6 பாகை செல்சியசும் இரண்டாம் நிலையில் 1.5 பாகையும் சூடேறுகிறது. அவ்வெப்பத்தையும் சில்லரே நீக்கவேண்டும். குளிர்நாடுகளில் குளிர்கால விசிறி வெப்பம் அறையைச் சூடாக்க உதவி, இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்யும். விதித்தொகுப்பு வெப்ப ஈரப்பதத் தட்பவெப்ப மண்டலத்தில் வைத்துள்ள சென்னையில் அவ்வாய்ப்பு இல்லை. மார்கழியிலும் அலுவலகங்கள் குளிரூட்டப்படுகின்றன. குளிர்விப்பு அமைப்பு 1 அலகு மின்சாரத்திற்கு 4 அலகு வெப்பத்தை நீக்குவதாகக் கொண்டால், இரு நிலைகளுக்குமான மொத்த வேறுபாடு ஆண்டிற்குச் சுமார் 1,06,600 கிலோவாட் மணி. அதாவது சதுர மீட்டருக்கு 21 கிலோவாட் மணி.

இவ்வெண்ணின் பொருளை ஓர் ஒப்பீடு உணர்த்தும். ஆற்றல் திறன் செயலகம் அலுவலகக் கட்டடங்களுக்கு 2009-இல் தொடங்கிய நட்சத்திரத் தரவரிசையில், வெப்ப ஈரப்பத மண்டலத்தில் பாதிக்கு மேற்பட்ட பரப்பு குளிரூட்டப்பட்ட கட்டடங்களுக்கு, ஒரு நட்சத்திரத்திற்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட தொலைவு சதுர மீட்டருக்கு 25 கிலோவாட் மணி. தரவரிசை உண்மையான மின்நுகர்வை வைத்தே வழங்கப்படுகிறது. ஆகவே கணினியில் நான்கு நட்சத்திரமாகத் தோன்றிய கட்டடம், விசிறி பற்றிய இரண்டு எண்களால் மட்டுமே நடைமுறையில் மூன்றாக இறங்கக்கூடும்.

மும்மடி விதியும் அதன் எல்லையும்

வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவி பொருத்தப்பட்ட விசிறிகளின் சேமிப்பைக் கணிக்கப் பொதுவாக மும்மடி விதி எடுத்தாளப்படுகிறது. பாய்வு பாதியானால் திறன் எட்டில் ஒன்றாக, அதாவது 12.5 விழுக்காடாகக் குறையும் என்பது அவ்விதி. எதிர்ப்பழுத்தம் முழுவதும் பாய்வின் இருமடிக்கு ஏற்பக் குறையும்போதுதான் இது பொருந்தும்.

நடைமுறையில் குழாயின் தொலைமுனையில் குறிப்பிட்ட அழுத்தம் எப்போதும் நிலைநிறுத்தப்படுகிறது. மேற்கண்ட 1,000 பாஸ்கலில் 300 பாஸ்கல் அவ்வாறு நிலையானது எனக் கொண்டால், பாதிப் பாய்வில் தேவைப்படும் அழுத்தம் 475 பாஸ்கல். காற்றுக்கு அளிக்கப்படும் திறன் முழுச்சுமையில் 24 விழுக்காடாக இருக்கும். குறைந்த சுமையில் மோட்டார், வி.எஃப்.டி. ஆகியவற்றின் பயனுறுதிறனும் இறங்குவதால் மின்நுகர்வு இன்னும் சற்று மிகும். ஆஷ்ரே 90.1 நியமத்தின் பிற்சேர்க்கை ஜி-யில் உள்ள விசிறி வளைகோடு பாதிப் பாய்விற்குத் தரும் மதிப்பு 30 விழுக்காடு. இரண்டாம் நிலை விசிறிக்கு மும்மடி விதி 5.8 கிலோவாட்டைத் தர, இவ்வளைகோடு 13.9 கிலோவாட்டைத் தருகிறது. முதல் எண்ணை நம்பி வி.எஃப்.டி.க்கு முதலீடு செய்யும் கட்டட உரிமையாளர் எதிர்பார்த்த காலத்தில் முதலைத் திரும்பப் பெறமாட்டார்.

பம்புகள்

எனர்ஜிபிளஸில் பம்பின் அழுத்தத்திற்கு இயல்பு மதிப்பாக 1,79,352 பாஸ்கல் அமைந்துள்ளது. இது 60 அடி நீர்மட்ட உயரத்திற்கு ஈடானது. மேற்கண்ட 500 கிலோவாட் குளிர்ச்சுமைக்கு, நீரின் வெப்பநிலை வேறுபாடு 5.5 பாகை எனக் கொண்டால், இயல்பு மதிப்புகள் தரும் குளிர்நீர்ப் பம்பின் திறன் ஏறத்தாழ 5.5 கிலோவாட். 2017 விதித்தொகுப்பு முதன்மை, துணைப் பம்புகளுக்குச் சேர்த்து அனுமதிக்கும் உச்சவரம்பு ஒரு கிலோவாட் குளிர்ச்சிக்கு 18.2 வாட், அதாவது 9.1 கிலோவாட். இயல்பு மதிப்பை அப்படியே விட்டவர், சிறந்த பம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்போல் ஒப்புருவில் தோற்றமளிப்பார்; வாங்கப்படும் பம்பு வேறாக இருக்கலாம்.

பகுதிச் சுமையில் பிழையின் திசை மாறுகிறது. வேகம் மாறும் பம்பிற்கு அம்மென்பொருளின் இயல்பு வளைகோடு நேர்கோடே. பாதிப் பாய்விற்குப் பாதித் திறன். இதனால் சேமிப்பு குறைத்துக் காட்டப்படுகிறது. 30 மீட்டர் உயரத்தில் 10 மீட்டர் நிலையானது எனக் கொண்டால், பாதிப் பாய்வில் தேவை 15 மீட்டர். பம்பின் பயனுறுதிறன் மாறாதெனின் திறன் 25 விழுக்காடு. கூலிங் டவர் நீர்ச்சுற்று திறந்த சுற்று என்பதால், தொட்டியிலிருந்து தெளிப்பான்வரை நீரை ஏற்றும் உயரம் எவ்வேகத்திலும் குறையாது. குளிர்நீர்ச் சுற்று மூடிய சுற்று. எனவே இரண்டிற்கும் ஒரே வளைகோட்டைப் பயன்படுத்துதல் தகாது.

மேற்குப் புறநகரின் சூழற்கூறுகள்

தொழிற்பேட்டையின் உற்பத்திப் பணிகளும் எம்.டி.எச். சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஆகியவற்றின் கனரகப் போக்குவரத்தும் காற்றில் தூசியை மிகுவிக்கின்றன. புதிய வடிகட்டியின் அழுத்த இழப்பு 100 பாஸ்கல், மாற்றும் தறுவாயில் 250 பாஸ்கல் எனக் கொண்டால், விசிறியைத் தேர்வதற்கு 250-ஐயும் ஆண்டு நுகர்வைக் கணிப்பதற்கு இடைப்பட்ட சராசரியையும் எடுப்பதே பொருத்தம். வி.எஃப்.டி. உள்ள விசிறி, தூசி படிந்த வடிகட்டியை வேகத்தைக் கூட்டி ஈடுசெய்து மின்சாரத்தை மிகுதியாக நுகரும். நிலையான வேக விசிறியில் காற்றின் அளவு குறைந்து அறையில் புழுக்கம் தோன்றும்.

நீரும் கருதத்தக்கது. கூலிங் டவருக்கு ஆழ்துளைக் கிணற்று நீரையோ லாரித் தண்ணீரையோ பயன்படுத்தும் கட்டடங்களில், கடினத்தன்மை மிக்க நீர் உரிய சுத்திகரிப்பின்றிச் சேர்ந்தால் குழாய்களிலும் சில்லரின் கண்டென்சரிலும் உப்புப் படிவு உண்டாகிறது. அப்படிவு பம்பின் எதிர்ப்பழுத்தத்தையும் சில்லரின் நுகர்வையும் ஒருங்கே உயர்த்துகிறது.

இயக்க நேரமும் இன்றியமையாதது. பகல்நேர அலுவலகத்திற்கு 3,000 மணி எனில், இரவுப்பணி நடக்கும் நிறுவனத்திற்கும் மருத்துவமனைக்கும் அது 8,760 மணியை நெருங்கலாம். நிலையான வேக விசிறியின் நுகர்வை வானிலை பெரிதும் மாற்றுவதில்லை. நேரமே அதனைத் தீர்மானிக்கிறது.

சரிபார்ப்பு

மாத மின்கட்டணப் பட்டியலோடு ஒப்பிட்டு ஒப்புருவைச் சீர்செய்வது வழக்கம். மாதத் தரவிற்கு ±5 விழுக்காட்டுச் சராசரிப் பிழையை ஆஷ்ரே வழிகாட்டி 14 ஏற்கிறது. மொத்த நுகர்வு பொருந்துவதால் உட்கூறுகள் பொருந்திவிட்டன என்று கொள்ளலாகாது. குறைத்து மதிக்கப்பட்ட விசிறியை மிகைத்து மதிக்கப்பட்ட விளக்கு ஈடுசெய்து, கூட்டுத்தொகையைச் சரியாகக் காட்டக்கூடும். அத்தகைய ஒப்புருவைக் கொண்டு விளக்குகளை மாற்றினால் கிடைக்கும் சேமிப்பைக் கணித்தால் விடை தவறும்.

இதனைத் தவிர்க்க மூன்று அளவீடுகள் போதும்: விசிறி மோட்டார் எடுக்கும் கிலோவாட், விசிறியின் இருபுற அழுத்த வேறுபாடு, காற்றின் பாய்வு. பம்பிற்கு உறிஞ்சு பக்கத்திலும் வெளியேற்று பக்கத்திலும் உள்ள அழுத்தமானிகளைப் படித்து, உற்பத்தியாளர் தரும் வளைகோட்டில் பாய்வைக் காணலாம். கட்டப்படாத கட்டடத்திற்குக் குழாய் வரைபடத்திலிருந்து அழுத்த இழப்பைக் கூட்டிப் பெறவேண்டும்.

முடிவுரை

விசிறியும் பம்பும் ஒப்புருவின் துணைக்கூறுகள் போலத் தோன்றினும், அவற்றின் மின்நுகர்வைப் பெரிதும் தீர்மானிப்பவை பயனர் உள்ளிடும் சில எண்களே. ஆண்டு முழுதும் குளிரூட்டல் தேவைப்படும் சென்னையில், விசிறிப் பிழை ஒருமுறை நேரடி நுகர்வாகவும் மறுமுறை சில்லரின் சுமையாகவும் இருமுறை எண்ணப்படுகிறது. எனவே ஒப்புரு அறிக்கை ஒவ்வொன்றிலும் அழுத்த உயர்வு, மொத்தப் பயனுறுதிறன், பகுதிச் சுமை வளைகோடு, இயக்க நேரம் ஆகிய நான்கும், அவை பெறப்பட்ட வழியோடு ஒரே அட்டவணையில் தரப்படவேண்டும். இயல்பு மதிப்பு பயன்படுத்தப்பட்டிருப்பின் அதுவும் வெளிப்படையாகக் குறிக்கப்படவேண்டும். அவ்வட்டவணை இருந்தால், கட்டடம் இயங்கத் தொடங்கியபின் கணிப்பிற்கும் நுகர்வுக்கும் இடைவெளி தோன்றுமிடத்து, அது எந்த எண்ணில் தோன்றியது என்பதைத் தேடிக் கண்டறிய இயலும்.