குழாய்க்குள் வளரும் நிமோனியா

1976ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ‘அமெரிக்கன் லீஜன்’ என்னும் முன்னாள் படைவீரர் அமைப்பு ஒரு ஹோட்டலில் நடத்திய மாநாட்டைத் தொடர்ந்து, அதில் பங்கேற்றவர்களும் ஹோட்டலின் அருகே தெருவில் நடமாடியவர்களுமாக 221 பேர் கடும் நிமோனியாவுக்கு ஆளாகி, 34 பேர் உயிரிழந்தனர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஜோசப் மெக்டேடும் சார்ல்ஸ் ஷெப்பர்டும் 1977 ஜனவரியில் அடையாளம் கண்ட அந்நோய்க் கிருமிக்கு, மாநாட்டை நினைவூட்டும் வகையில் ‘லீஜியோனெல்லா’ என்று பெயர் வைக்கப்பட்டது.

ஆறு குளங்களில் சிறு அளவில் வாழும் இந்தப் பாக்டீரியா அங்கே பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஏறத்தாழ 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருக்கும் நீர், துரு, உப்புப் படிவு, குழாய்ச் சுவரில் நுண்ணுயிர்கள் கூடிப் படரும் வழுவழுப்பான உயிர்ப்படலம் ஆகிய அனைத்தையும் கட்டடங்கள் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்கும்போதுதான் அது பெருகுகிறது. உயிர்ப்படலத்தை மேயும் அமீபாக்களுக்குள் புகுந்து பெருகப் பழகிய கிருமி என்பதால், நுண்திவலைகளோடு நுரையீரலை அடைந்ததும், தன்னை விழுங்க வரும் வெள்ளணுக்களையும் அதே முறையில் தன் இருப்பிடமாக்கிக்கொள்கிறது.

பெரிய கட்டடங்களின் ஏ.சி. இயந்திரம் வெளியேற்றும் வெப்பத்தை ஏந்திவரும் நீரைத் தூவிவிட்டு, காற்றை ஊடே செலுத்தி ஆறவைக்கும் அமைப்பே குளிர்விப்புக் கோபுரம். காற்றோடு திவலைகள் வெளியே பறக்காதபடி தடுக்கும் தகடுகள் பழுதுபட்டால், கிருமி பல தெருக்கள் தாண்டியும் செல்லக்கூடும். 2015 கோடையில் நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதியில் ஒரு கோபுரத்திலிருந்து பரவிய நோயால் 138 பேர் பாதிக்கப்பட்டு 16 பேர் இறந்த பிறகே, நகரின் கோபுரங்கள் அனைத்தையும் பதிவு செய்து, இயங்கும் காலத்தில் 90 நாட்களுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. இதைவிடக் கவனிக்கத்தக்கது அடுத்து நடந்ததாகும்: அவசரக் கிருமிநீக்கம் முடிந்த சில வாரங்களில், அதே பிராங்ஸின் மாரிஸ் பார்க் பகுதியில் மீண்டும் நோய் தோன்றி, அண்மையில் சுத்தம் செய்யப்பட்டிருந்த 15 கோபுரங்களில் கிருமி காணப்பட்டது. உயிர்ப்படலத்தின் அடியில் எஞ்சியது மீண்டும் தழைக்கும் என்பதால், ஒரு நாள் மருந்து ஊற்றுவதைத் தடுப்பு என்று சொல்ல முடியாது. கிருமிக்கொல்லியின் அளவு, படிவுகளை அகற்றுதல், தகடுகளின் நிலை ஆகியவற்றை இடைவிடாது கண்காணிப்பதே தடுப்பு.

வெந்நீர் அமைப்புகளில் சிக்கல் வேறு வகையானது. தொட்டியில் 60 டிகிரியும் குழாய்களில் 50 டிகிரிக்குக் குறையாமலும் வெப்பம் இருந்தால் கிருமி தழைக்காது என்றாலும், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருதி வெப்பத்தை 45க்குக் குறைப்பவர்கள் அதற்கு விருந்து வைத்தவர்களாகிறார்கள். தோல் வெந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்குத் தீர்வு தொட்டியை ஆறவிடுவதன்று, குளிர்நீரைக் கலந்து தரும் வால்வைக் குழாய்முனையருகே பொருத்துவதாகும். கட்டடத்தைத் திருத்தும்போது முனை அடைக்கப்பட்டு நீரோட்டமின்றிக் கிடக்கும் குழாய்த் துண்டுகளையும் வெட்டி நீக்க வேண்டும். 2020இல் கொரோனா முடக்கத்தால் ஆளரவமின்றிக் கிடந்த கட்டடங்களில் நீர் தேங்கியபோது, மேற்சொன்ன நோய்க் கட்டுப்பாட்டு மையமே, அட்லாண்டாவில் தான் வாடகைக்கு எடுத்திருந்த சில கட்டடங்களை இக்கிருமியின் பொருட்டு மூட நேர்ந்தது.

குளிர்நீரை 20 டிகிரிக்குக் கீழே வைக்கும்படி குளிர்நாட்டு வழிகாட்டிகள் சொல்வது சென்னையின் மொட்டைமாடித் தொட்டிக்குப் பொருந்தாது. இங்கே எஞ்சும் கருவிகள், நீரில் குறையாத குளோரின், மூடியுள்ள சுத்தமான தொட்டி, தேங்காத நீரோட்டம் ஆகியவையே. இந்நோய் பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஐம்பது வயதைக் கடந்தோரையும், புகைபிடிப்போரையும், நோயெதிர்ப்பு குன்றியவர்களையுமே அது மிகுதியாகத் தாக்குகிறது. அத்தகையோர் உள்ள வீட்டைச் சில வாரங்கள் பூட்டிவைத்துத் திரும்புபவர்கள், ஷவரின் கீழ் நிற்பதற்கு முன்பு, நீர் தெறிக்காதபடி குழாய்களைச் சில நிமிடங்கள் திறந்துவிட்டு, தேங்கிய நீரை வெளியேற்றிவிட வேண்டும்.