மின்னஞ்சல்: எளிமையாக எழுதுவோம், முறையாக அனுப்புவோம்

வாட்ஸ்அப் வந்த பிறகு மின்னஞ்சலுக்கு வேலை குறைந்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, பாஸ்போர்ட், வளைகுடா நாட்டு வேலைக்கான நேர்காணல், வங்கிக் கடன், மருத்துவ உதவி என்று எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் அதில் மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு வழங்கியுள்ளது. ஆகவே நாம் அனுப்பும் மெயிலை வாய்ப்பேச்சாக எண்ணாமல், கையெழுத்திட்டுக் கொடுக்கும் கடிதத்தைப் போல எண்ணி எழுத வேண்டும்.

தகுதியுள்ள ஒரு மாணவரின் விண்ணப்பம் தாமதமாவதற்கு மின்னஞ்சலும் காரணமாகலாம். மடல் பெறுபவரின் திரையில் சரியாகத் தெரியாமல் போகலாம். அல்லது தெரிந்தும், யார் என்ன கேட்கிறார் என்பது புரியாமல் போகலாம். முதல் குறைக்கு மருந்து எளிய உரையில் எழுதுவது. இரண்டாவது குறைக்கு மருந்து கடிதம் எழுதும் முறையைக் கற்றுக்கொள்வது. இரண்டுக்கும் பணம் செலவில்லை.

முகவரி உங்களுடையதா?

எழுதத் தொடங்கும் முன் இதைப் பாருங்கள். பல வீடுகளில் பிள்ளையின் விண்ணப்பத்தைப் பிரவுசிங் சென்டரில் நிரப்புகிறோம். மின்னஞ்சல் இல்லை என்றால் கடைக்காரரே அவசரத்துக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுக்கிறார், அல்லது தம் கடை முகவரியையே போட்டுவிடுகிறார். பிறகு "சான்றிதழ் ஒன்று குறைகிறது, 7 நாட்களுக்குள் அனுப்பவும்" என்ற மடல் வரும்போது அதைப் பார்க்க வீட்டில் யாரும் இருப்பதில்லை. கடவுச்சொல்லும் யாருக்கும் தெரியாது.

எனவே பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு முகவரி தொடங்கிக் கொடுங்கள். அதில் பிள்ளையின் பெயர் இருக்கட்டும். செல்லப்பெயரும் நடிகர் பெயரும் வேண்டாம். கணக்கை மீட்பதற்கான கைபேசி எண்ணாகப் பெற்றோரின் எண்ணைக் கொடுத்து, கடவுச்சொல்லை வீட்டில் பத்திரமான இடத்தில் எழுதி வையுங்கள்.

நம் சமுதாயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. முகமது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். பள்ளிச் சான்றிதழில் ஒரு 'எம்', ஆதாரில் இரண்டு 'எம்', பாஸ்போர்ட்டில் முன்னெழுத்துக்குப் பதிலாகத் தந்தையின் முழுப்பெயர் என்று இருக்கும். மின்னஞ்சலில் நான்காவதாக ஒரு வடிவம் வந்தால், மடலையும் விண்ணப்பத்தையும் பொருத்திப் பார்ப்பவர் குழம்புவார். எந்தச் சான்றிதழை வைத்து விண்ணப்பித்தீர்களோ அதில் உள்ள எழுத்துகளையே மடலிலும் எழுதுங்கள்.

எளிய உரை என்றால் என்ன?

அமெரிக்காவைச் சேர்ந்த ரே டாம்லின்சன் 1971-இல் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலைப்பின்னல் வழியே மடல் அனுப்பிக் காட்டினார். பெயரையும் இடத்தையும் பிரிக்க 'அட்' குறியைப் பயன்படுத்தியவரும் அவரே. அதன் பிறகு இருபது ஆண்டுகள் மின்னஞ்சல் என்றால் எழுத்துகள் மட்டுமே. படம், கோப்பு, பல மொழி எழுத்துகள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பும் பொது விதிமுறை 1992-இல்தான் வகுக்கப்பட்டது. வண்ணம், பெரிய எழுத்து, பின்னணிப் படம் போன்ற அலங்காரங்கள் அதற்குப் பிறகே பரவின.

எழுத்துகளை மட்டும் கொண்ட மடலை 'பிளைன் டெக்ஸ்ட்', அதாவது எளிய உரை என்கிறோம். அலங்கார மடல் வலைப்பக்கத்தைப் போல உருவாக்கப்படுகிறது. அது உங்கள் திரையில் ஒரு விதமாகவும், பெறுபவர் திரையில் வேறு விதமாகவும் தெரியலாம். எளிய உரை பழைய கணினியிலும் புதிய கைபேசியிலும் ஒன்றுபோலப் படிக்கக் கிடைக்கும்.

ஜிமெயிலைக் கணினியில் திறந்து, புதிய மடல் எழுதும் பெட்டியின் அடியில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'பிளைன் டெக்ஸ்ட் மோட்' என்ற தெரிவு இருக்கும். அவுட்லுக்கிலும் இத்தகைய தெரிவு உண்டு. கைபேசியில் எழுதும்போது வண்ணமும் படமும் சேர்க்காமல் எழுதினாலே போதும். கணினியில் வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிப்ட், வி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், பெரும்பாலான பிரவுசர்களில் அலங்காரம் நீங்கி எழுத்து மட்டும் ஒட்டும்.

அதனால் என்ன பயன்?

முதலாவது, அளவு. ஒரு பக்கக் கடிதத்தில் 2000 தமிழ்க் குறிகள் இருந்தால், குறிக்கு 3 பைட் வீதம் சுமார் 6 கிலோபைட் ஆகும். அதே பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்தால் எளிதாக 2 மெகாபைட்டைத் தாண்டும். முந்நூறு மடங்குக்கும் மேல். சிக்னல் குறைந்த ஊரிலும் 6 கிலோபைட் தடையின்றிப் போய்ச் சேரும்.

இரண்டாவது, எல்லோரும் படிக்கலாம். கண்பார்வை மங்கிய பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பார்வையற்றவர்கள் கைபேசியின் திரைவாசிப்பான் மூலம் தமிழ் மடலைக் காதால் கேட்கலாம். கடிதத்தைப் படமாக அனுப்பினால் பல நேரங்களில் அவர்களுக்கு அது வெறும் 'படம்' என்று மட்டுமே கேட்கும்.

மூன்றாவது, தேடினால் கிடைக்கும். ஆறு மாதம் கழித்து விண்ணப்ப எண்ணைத் தட்டினால் எழுத்தாக உள்ள மடல் உடனே வந்துவிடும். படத்துக்குள் உள்ள எண் பெரும்பாலும் தேடலில் சிக்காது.

நான்காவது, பாதுகாப்பு. அலங்கார மடலில் "உங்கள் வங்கிக் கணக்கைச் சரிபார்க்க இங்கே அழுத்தவும்" என்ற நீலப் பொத்தானுக்குப் பின்னால் எந்த இணைய முகவரி இருக்கிறது என்பது வெளியே தெரியாது. எளிய உரையில் முகவரி அப்படியே கண்முன் நிற்கும். மடலில் கண்ணுக்குத் தெரியாத சிறு படத்தை வைத்து, நீங்கள் திறந்தீர்களா என்று அனுப்பியவர் கண்டறியும் வழியும் அலங்கார மடலில்தான் உண்டு. எளிய உரையில் வருவதெல்லாம் உண்மை என்று இதற்குப் பொருளில்லை. ஓ.டி.பி., கடவுச்சொல், ஏ.டி.எம். பின் எண் ஆகியவற்றை யார் கேட்டாலும் மடலில் எழுதாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

தமிழில் எழுதும்போது

டி.டி.பி. கடைகளில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்வது இன்னும் வழக்கத்தில் உள்ளது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டுள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கடிதம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். எளிய உரையில் எழுத்துரு கூடவே போகாது என்பதால் இது கட்டாயம் நடக்கும்.

யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் உண்டு. கைபேசியின் தமிழ் விசைப்பலகையில் தட்டுவது யூனிகோடுதான். கடையில் தட்டச்சு செய்து வாங்கினால் "யூனிகோடில் கொடுங்கள்" என்று கேளுங்கள். அதைச் சரிபார்க்க, கடிதத்தை வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் மின்னஞ்சலிலும் தமிழாகவே போகும்.

மடலை அமைக்கும் முறை

பொருள் வரியை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள். 'வணக்கம்', 'அவசரம்', 'உதவி' என்று மட்டும் எழுதினால் நூறு மடல்களுக்கு நடுவே உங்கள் மடல் தொலைந்துபோகும். என்ன விஷயம், எந்த வகுப்பு அல்லது எந்த விண்ணப்ப எண் என்பதை அந்த ஒரே வரியில் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கு எழுதும்போது ஸலாமை முழுமையாக எழுதித் தொடங்குவோம். ஓரிரு எழுத்தில் சுருக்க வேண்டாம். கல்லூரி முதல்வருக்கும் வங்கி மேலாளருக்கும் 'மதிப்பிற்குரிய ஐயா' அல்லது 'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்பது பொருத்தம். முதல் இரண்டு வரிகளில் நீங்கள் யார், என்ன வேண்டும் என்பது வந்துவிட வேண்டும். ஒரு மடலில் ஒரே விஷயம் போதும். இரண்டு கோரிக்கைகளைச் சேர்த்து எழுதினால் ஒன்றுக்குத்தான் பதில் வரும்.

ஆங்கிலத்தில் எழுதுவோர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுத வேண்டாம். படிப்பவருக்கு அது கத்துவதுபோல இருக்கும். தமிழில் வரிசையாக வரும் ஆச்சரியக்குறிகளும் அப்படித்தான்.

ஒரு மாதிரி:

பொருள்: கல்வி உதவித்தொகை, பி.காம். 2-ஆம் ஆண்டு, மதிப்பெண் பட்டியல் இணைப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இவ்வாண்டு கல்வி உதவித்தொகைக்கு ஜூன் 10 அன்று விண்ணப்பித்துள்ளேன். அதில் விடுபட்ட முதலாம் ஆண்டு மதிப்பெண் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளேன்.

கிடைத்த விவரத்தைத் தெரிவிக்குமாறும், வேறு ஆவணம் தேவைப்பட்டால் சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(சான்றிதழில் உள்ளபடி பெயர்)
(தந்தை பெயர், ஊர்)
(விண்ணப்ப எண், கைபேசி எண்)

குடும்பக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டிய இடமிருந்தால் நான்கு வரிகளில் சொல்லலாம். தேதியும் தொகையும் தெளிவாக இருந்தால் அதிகாரிக்கு முடிவெடுப்பது எளிது.

பிறர் மானம் காக்கும் ஒரு கட்டம்

பெறுநர் பகுதியில் 'டூ', 'சிசி', 'பிசிசி' என்று மூன்று கட்டங்கள் உள்ளன. பதில் தர வேண்டியவர் 'டூ'வில் இருப்பார். விஷயம் தெரிந்தால் போதும் என்பவர் 'சிசி'யில் இருப்பார். கார்பன் தாள் வைத்து நகல் எடுத்த காலத்துச் சொல் அது. 'பிசிசி' என்பது மறைநகல். அதில் உள்ளவர்களின் முகவரி மற்றவர்களுக்குத் தெரியாது.

ஜமாஅத், பள்ளிக்கூடம், சங்கம் என்று பலருக்கு ஒரே மடல் அனுப்பும் பொறுப்பில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். உதவி பெறும் 40 குடும்பங்களின் முகவரிகளையும் 'டூ'வில் போட்டு அனுப்பினால், யார் யார் உதவி வாங்குகிறார்கள் என்பது 40 வீடுகளுக்கும் தெரிந்துவிடும். அனுப்பியவருக்கு ஒரு கட்டம் மாறியது அவ்வளவுதான்; பெண் கேட்டு வருவோரை எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்கோ அது தலைகுனிவு. எனவே 'டூ'வில் உங்கள் முகவரியை மட்டும் போட்டு, மற்ற எல்லோரையும் 'பிசிசி'யில் போடுங்கள்.

பதில் எழுதும்போதும் 'ரிப்ளை ஆல்' அழுத்தும் முன் ஒரு நொடி நில்லுங்கள். ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்கும் அனுப்பிவிடக் கூடாது. பிறர் நம்பிக்கையோடு எழுதிய மடலை அவர் அனுமதியின்றி மூன்றாமவருக்கு ஃபார்வர்டு செய்வதும் முறையன்று.

இணைப்புகள்

மதிப்பெண் பட்டியல் போன்ற சான்றுகளை இணைப்பாகத்தான் அனுப்ப முடியும். அவற்றைப் பி.டி.எஃப். ஆக்கி, கோப்புக்கு உங்கள் பெயரையும் ஆவணத்தின் பெயரையும் வையுங்கள். 'ஸ்கேன் 001' என்ற பெயரில் வரும் கோப்பு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஜிமெயிலில் இணைப்பின் எல்லை 25 மெகாபைட். அனுப்பும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதால் அந்த எல்லையை நெருங்காமல் இருப்பது நல்லது. ஆதார் கேட்கப்பட்டால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் அதைப் பதிவிறக்கலாம்.

பதிலும் பொறுமையும்

விண்ணப்பித்த பிறகு தினமும் ஒருமுறை மடல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்பேம் பகுதியையும் பாருங்கள். ஜிமெயிலில் அங்கே போனவை 30 நாட்களில் தானாக அழிந்துவிடும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து, அதே மடலின் தொடர்ச்சியாகப் பணிவுடன் நினைவூட்டுங்கள். நாளுக்கு மூன்று முறை அனுப்ப வேண்டாம். உங்களுக்கு ஒருவர் எழுதினால், உடனே விவரம் தர முடியாவிட்டாலும் "கிடைத்தது, வியாழனுக்குள் பதில் தருகிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். கோபத்தில் எழுதிய மடலை ஓர் இரவு வைத்திருந்து காலையில் படித்துப் பாருங்கள்.

அனுப்பும் முன்

1. பொருள் வரி உள்ளதா?
2. பெயர் சான்றிதழில் உள்ளபடி உள்ளதா?
3. என்ன வேண்டும் என்பது முதல் இரண்டு வரிகளில் உள்ளதா?
4. இணைப்பு உண்மையிலேயே இணைந்துள்ளதா?
5. முகவரிகள் சரியான கட்டத்தில் உள்ளனவா?

பெறுநர் முகவரியைக் கடைசியில் எழுதுவது நல்ல பழக்கம். பாதி எழுதிய மடல் தவறிப் போகாது. ஜிமெயிலின் அமைப்புகளில் 'அண்டு சென்ட்' நேரத்தை 30 நொடியாக மாற்றி வைத்தால், அனுப்பிய மடலை அதற்குள் திரும்ப எடுக்கலாம்.

இந்த வாரம் ஒரு மாலையில் பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்தி, மேலே உள்ள மாதிரியைப் போல ஒரு மடலை அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். முதலில் அதை உங்கள் முகவரிக்கே அனுப்பச் சொல்லி, உங்கள் கைபேசியில் படித்துப் பாருங்கள். உங்களுக்குப் புரிந்தால் அதிகாரிக்கும் புரியும்.