வாதக் கட்டுரையின் ஐந்து உறுப்புகள்

தொலைவில் ஒரு மலையின்மீது புகை எழக் கண்டவன், நெருப்பைத் தன் கண்ணால் காணாதிருந்தும், அங்கே நெருப்பு உண்டென்று துணிகிறானே, அந்தத் துணிவு அவன் உள்ளத்தில் எவ்வழியே பிறந்ததோ, அவ்வழியே வாசகனையும் அழைத்துச் செல்வதுதான் பிறரை இணங்கச் செய்யும் கட்டுரையின் இலட்சணம்.

அவ்வழியை மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதை, காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசித்த தருக்கப் பாடமாக, ஐந்து உறுப்புகளில் வகுத்துக் காட்டுகிறது. இம்மலையில் நெருப்பு உண்டு என்று தன் கொள்கையை முன்வைப்பது பக்கம். புகை இருத்தலால் என்று காரணம் கூறுவது ஏது. அடுக்களையைப் போல என்று யாவரும் அறிந்த ஒன்றைச் சான்றாக்குவது திட்டாந்தம். இம்மலையிலும் புகை உண்டே என்று அச்சான்றை எடுத்த விஷயத்தோடு பொருத்துவது உபநயம். ஆகவே நெருப்பும் உண்டு என்று முடிப்பது நிகமனம்.

கட்டுரைக்கும் இதே வரிசை பொருந்தும். தம் ஊர் ஏரியைத் தூர்வார வேண்டுமென்று எழுதப் புகுந்தவர் அதனை முதற்பத்தியிலேயே ஐயமின்றிச் சொல்லிவிட வேண்டும். வண்டல் படிந்து ஏரியின் கொள்ளளவு குறைந்தமையால் மழைநீர் கலிங்கு வழியே வீணாகிறது என்பதைக் காரணமாக நிறுத்த வேண்டும். தூர்வாரிய பின் கோடையிலும் நீர் நிற்கும் அண்டையூர் ஏரியைச் சான்றாக்க வேண்டும். அவ்வேரியும் இவ்வேரியும் நீர்வரத்தாலும் பாசனப் பரப்பாலும் ஒத்தவை என்று காட்ட வேண்டும். பலர் தாண்டிப் போவது இந்த நான்காம் படியைத்தான். பொருத்தத்தை நிறுவாமல் எத்தனை சான்றுகளை அடுக்கினாலும், "அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு" என்று ஒரே வார்த்தையில் வாசகன் விலகிவிடுவான்.

எதிர்ப்பக்கத்தாருக்கும் கட்டுரையில் இடம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலாசிரியர் கைக்கொள்ளும் எழுவகை மதங்களுள், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்பு அதனைக் களைவதையும் ஒன்றாக வைக்கிறது. செலவு மிகும் என்பாரின் ஆட்சேபத்தை, அவரே சொன்னால் எத்துணை வலிமையுடன் சொல்வாரோ அத்துணை வலிமையுடன் எடுத்துரைத்து, அதிலுள்ள நியாயத்தை மனமார ஒப்புக்கொண்டு, எஞ்சியதைக் காரணத்தால் மறுக்க வேண்டும். எதிர்வாதத்தை மெலிவித்துக் காட்டிப் பெறும் வெற்றி, விஷயமறிந்த ஒரு வாசகன் முன்னே கூட நிற்காது.

எழுதி முடித்த பின், முதற்பத்தியையும் இறுதிப் பத்தியையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். அவ்விரண்டையும் இணைக்கும் ஏதுவை ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல இயலவில்லையெனில், நடையைத் திருத்துவதை விடுத்துக் காரணத்தைத் தேடுங்கள்.