தொழிலின் தடம் – 14: மன்னவரத்துக்கு எட்டாத கடல்

திருப்பதி போகிற தமிழர்களுக்கு ரேணிகுண்டா என்றால் ஜங்ஷன். வசதி உள்ளவர்களுக்கு விமான நிலையம். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. ஆனால் சுற்றுவட்டாரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1985-ல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் பேட்டரி ஆலை பக்கத்துக் கரகம்பாடியில் இருக்கிறது. காளஹஸ்தி சாலையில் ராச்சகுன்னேரியில் இரும்புக் குழாய் வார்க்கிறார்கள். ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனை உண்டு. கடந்த பத்தாண்டில் செல்போன், டிவி பாகங்கள் செய்யும் ஆலைகளும் வந்துவிட்டன. வெல்டரும் ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் தேடினால் கிடைக்கிற வட்டாரம். பாதிப்பேருக்குத் தமிழும் புரியும்.

இப்படிப்பட்ட இடத்தில் மாட்யூல் தொழில் வளருமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. சுத்திகரிப்பு ஆலையையோ எரிவாயு நிலையத்தையோ அது நிற்கப்போகிற பாலைவனத்திலோ தீவிலோ வைத்துக் கட்டாமல், வேறொரு யார்டில் துண்டு துண்டாகச் செய்து, குழாய், வால்வு, கேபிள், பெயிண்ட் வரை முடித்து, கொண்டுபோய்ப் பொருத்துவதை மாட்யூல் முறை என்று சென்ற வாரம் பார்த்தோம்.

ரேணிகுண்டாவுக்கு இதற்கு நெருக்கமான ஓர் அனுபவம் உண்டு. அது இனிக்கிற கதை இல்லை. 2008 ஏப்ரலில் என்டிபிசியும் பெல் நிறுவனமும் சரிபாதிப் பங்கு போட்டு ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. அனல்மின் நிலையங்களுக்கான கருவிகளைச் செய்வது, நிலையங்களைக் கட்டித் தருவது இரண்டும் அதன் வேலை. ஆலைக்குத் தேர்ந்த இடம் காளஹஸ்தி பக்கத்து மன்னவரம். 2010 செப்டம்பர் 1 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். பல ஆயிரம் கோடி முதலீடு வரும், ஆயிரக்கணக்கில் வேலை வரும் என்று ஊரே எதிர்பார்த்தது. முதல் கட்டமாக நிலக்கரியையும் சாம்பலையும் கையாளும் கருவிகளைச் செய்வதாகத் திட்டம்.

பெரிதாக ஒன்றும் வளரவில்லை. 2016-ல் என்டிபிசியின் இயக்குநர் குழு கூட்டிலிருந்து விலகக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. 2018-ல் நிறுவனத்தையே கலைக்கும் முடிவுக்குப் போனது.

அரசியலைத்தான் முதலில் காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி காலத்தில் வந்த திட்டம், அவருக்குப் பிறகு அதைத் தள்ளிக்கொண்டுபோக ஆள் இல்லை. ஆனால் சந்தையைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். திட்டம் வந்த அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் இந்தியாவில் எல்லோருமே அனல்மின் கருவி செய்யக் கிளம்பினார்கள். ஹசிராவில் எல் அண்டு டி – மிட்சுபிஷி, சென்னைக்கு வடக்கே டோஷிபா – ஜேஎஸ்டபிள்யூ. சீனத்திலிருந்து இறக்குமதி வேறு. எல்லா ஆலைகளும் எழுந்து நின்றபோது புதிய நிலக்கரி மின் நிலையங்களுக்கான ஆர்டர் வற்றிவிட்டது. மன்னவரத்தின் பங்காளிகளில் என்டிபிசி வாங்குபவர், பெல் விற்பவர். அந்த விற்பவருக்கே திருச்சியிலும் ஹைதராபாத்திலும் ஹரித்வாரிலும் நிரப்ப வேண்டிய ஆலைகள் இருந்தன. வீட்டில் மூத்த பிள்ளைகளுக்கே சோறு போதாதபோது கடைக்குட்டிக்கு எங்கிருந்து வரும்?

திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெல் ஆர்டரை மட்டுமே நம்பி வளர்ந்த நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் ஆர்டர் வற்றிய அதே ஆண்டுகளில் என்ன பாடுபட்டன என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

அந்தக் கூட்டு நிறுவனம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அசாமில் நாம்ரூப், திரிபுராவில் மோனார்ச்சக், பாலடானா ஆகிய மின் நிலையப் பணிகளில் அதற்குப் பங்கு இருந்தது. பாலடானாவில் 726 மெகாவாட் எரிவாயு மின் நிலையத்துக்குப் போன கனரகக் கருவிகளின் கதை நம் தலைப்புக்கு நேராக வருகிறது. மலைச் சாலைகளில் அவற்றை ஏற்ற முடியாது என்பதால் கொல்கத்தா பக்கமிருந்து படகில் ஏற்றி, வங்கதேசத்தின் ஆறுகள் வழியாக ஆஷுகஞ்ச் துறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து டிரெய்லரில் அகர்தலா எல்லைக்கு நகர்த்தினார்கள். பாலங்கள் எடை தாங்காது என்று டிடாஸ் ஆற்றின் குறுக்கே மண் கொட்டி மாற்றுச் சாலை போட்டார்கள். ஆறு அடைபட்டதும் அந்நாட்டு மீனவர்களும் விவசாயிகளும் கொதித்தார்கள்.

பெரிய பொருளைச் செய்துவிடலாம், நகர்த்துவதுதான் கஷ்டம். நம் அகல ரயில் பாதையில் பெட்டியின் அகலம் 3.25 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் கிடைக்கும் உயரம் வழக்கமாக 5.5 மீட்டர். டிரெய்லரின் உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவது நான்கரை மீட்டர்கூட இருக்காது. கடலோர யார்டில் சர்வசாதாரணமாகச் செய்யும் மாட்யூலோ நாலைந்து மாடி உயரம், ஆயிரம் டன்னுக்கு மேல். அதைச் சக்கர வண்டிகளில் ஊர்ந்து ஊர்ந்து ஜெட்டிக்கு நகர்த்தி அப்படியே பார்ஜில் ஏற்றுவார்கள். மன்னவரத்தில் ஜெட்டிக்கு எங்கே போவது?

ஜெட்டி இருக்கும் இடம் ரொம்பத் தூரமும் இல்லை. சாலை வழியே 150 கிலோமீட்டருக்குள் வடகிழக்கே கிருஷ்ணபட்டினம், தென்கிழக்கே காட்டுப்பள்ளி. காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி நிறுவனத்துக்குக் கப்பல் கட்டும் தளத்தை ஒட்டி மாட்யூல் யார்டு உண்டு. துறைமுகம் 2018-ல் அதானி கைக்குப் போன பிறகும் யார்டு எல் அண்டு டி-யிடமே இருக்கிறது. சித்தூரிலிருந்து தச்சூருக்கு வரும் ஆறுவழிச் சாலை, தச்சூரிலிருந்து எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் வட்டச்சாலை இரண்டும் சேர்ந்துவிட்டால் இந்தத் தூரம் இன்னும் சுருங்கும்.

அதனால் ரேணிகுண்டா காட்டுப்பள்ளியாக ஆசைப்பட வேண்டாம், காட்டுப்பள்ளிக்கு வேலை செய்து கொடுக்கட்டும் என்பது என் கட்சி. பெரிய மாட்யூலுக்குள்ளும் போவது சின்னச் சின்னப் பொருள்கள்தான்: குழாய்த் துண்டுகள், பம்பும் வால்வும் பொருத்திய ஸ்கிட்டுகள், சுவிட்ச் போர்டு எல்லாம் அடங்கிய கண்டெய்னர் அறைகள். இவையெல்லாம் சாதாரண டிரெய்லரில் ஏறும். இப்போது சூரிய மின் பூங்காக்களுக்குப் போகும் பேட்டரிச் சேமிப்பு அறை இருபதடி கண்டெய்னர் அளவுதான். பேட்டரியும் மின்னணுவும் தெரிந்த வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு ஏது? முனோத் நிறுவனத்தின் லித்தியம் செல் ஆலை 2022-ல் திருப்பதியில்தான் தொடங்கியது. ஆனால் கரகம்பாடியில் வளர்ந்த அமர ராஜாவே தன் பெரிய லித்தியம் ஆலைக்குத் தெலங்கானாவின் மகபூப்நகரைத் தேர்ந்ததை ஆந்திர அரசு யோசிக்க வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பெர்த் பக்கத்து ஹெண்டர்சனில் மாநில அரசே ஜெட்டியும் கூடமும் கட்டி, எந்தக் கம்பெனியும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 2003-ல் திறந்துவிட்டது. சின்னப் பட்டறைக்காரரும் ஆர்டர் கிடைத்தால் அங்கே போய் வேலையை முடிக்கலாம். அப்படியும் அவர்களுடைய மாபெரும் கோர்கன் எரிவாயுத் திட்டத்தின் மாட்யூல்கள் பெரும்பாலும் ஆசிய யார்டுகளுக்கே போயின. கூலி வித்தியாசம் அப்படி. நமக்குக் கூலி பாதகமில்லை. நம்மிடம் இல்லாதது அந்தப் பொது ஜெட்டி. புத்தூர், ரேணிகுண்டா, கும்மிடிப்பூண்டிப் பட்டறைகள் சேர்ந்து ஓர் ஆர்டர் எடுத்தாலும், கடைசியில் துண்டுகளை இணைத்துக் கப்பலேற்ற யாரோ ஒரு பெரிய கம்பெனியின் கேட்டில்தான் நிற்க வேண்டும். அடிக்கல் நாட்டுவதற்கு ஆகும் ஆரவாரத்தில் கொஞ்சம் இதற்கு ஆகியிருக்கலாம். இரண்டு மாநிலங்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை என்பதுதான் சிக்கல். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பட்டறைக்காக இந்தப் பக்கம் யார் ஜெட்டி கட்டுவார்?

அடுத்த வாரம்: ஆயிரம் டன் மாட்யூல் தரையிலிருந்து பார்ஜுக்கு மாறும்போது கடல் ஏற்றவற்றத்தை ஏன் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?