நமது மனு எந்த இலாகாவுக்கு?

இரும்பைப் பக்கம் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, முதிய அங்கத்தினர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, அடித்தது ஒரே புயல். நிலத்துக்கு ஓர் ஆபீஸ், தறிக்கு ஓர் ஆபீஸ், உப்பளத்துக்கு வேறோர் ஆபீஸ் என்கிறார்களே, ஏன்?" கேள்வி நியாயமானது. இதற்கு விடை தெரியாமையால் மனு வேறொரு மேஜையில் கிடந்து, உரிய காலம் கடந்துவிடுவது உண்டு. ஆகையால் சற்று விளக்குவோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. வயலும் மரக்காணத்து உப்பளமும் ஒரே மழையில் மூழ்கின. ஆனால் நமது அரசியல் சட்டம் பொறுப்புகளைப் பங்கிட்டிருக்கிறது. வேளாண்மை, நிலம், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவை மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளவை. உப்பு உற்பத்தியின் ஒழுங்குமுறை மத்திய அரசைச் சார்ந்தது. நமக்கு அடுத்துள்ள புதுச்சேரியோ தனி அரசு. அப்புயலுக்குப் பின் விழுப்புரம் மாவட்டத்தில் குடும்ப அட்டைக்கு ரூ.2,000 என்றும், புதுச்சேரியில் ரூ.5,000 என்றும் நிவாரணம் அறிவிக்கப்பட்டது இதனாலேயே.

பயிர்ச் சேதத்தை எடுத்துக்கொள்வோம். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமடைந்த பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000, மானாவாரிப் பயிருக்கு ரூ.8,500 என்று தமிழக அரசு அப்போது அறிவித்தது. தொகையை நிர்ணயிப்பது சென்னை. ஆனால் யாருக்கு என்பதை நிர்ணயிப்பது கிராமம். வேளாண்மை, வருவாய் ஆகிய இரு துறையினரும் கூட்டாகக் கணக்கெடுக்கின்றனர். அதற்கு ஆதாரம், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல். அடங்கலில் ஏறாத பயிர், சர்க்கார் கணக்கில் விளையாத பயிரே. குத்தகைக்கு உழுவோர் இதனைப் பெரிதும் கவனித்தல் வேண்டும். மழை வந்தபின் ஓடுவதைவிட, விதைத்தவுடன் பதிவைச் சரிபார்ப்பதே விவேகம்.

பயிர்க்கடனின் வழி வேறு. நமது சங்கம், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி என அது மூன்று படிகளைக் கொண்டது. அதற்கும் மேலே 1982-இல் அமைந்த நபார்டு வங்கி உள்ளது. தவணை குறித்த வேண்டுகோள் சங்கத் தீர்மானமாகவே மேலே செல்லவேண்டும். நெசவாளர் சங்கமும் கூட்டுறவுச் சட்டப்படி பதிவானதே. எனினும் அதன் பதிவாளர் பொறுப்பை வகிப்பவர் கைத்தறித் துறை இயக்குநர். எனவே தறி சேதமுற்ற நெசவாளர் அணுகவேண்டியது கைத்தறி அலுவலகம். சாலை, குடிநீர் போன்றவற்றிற்கு ஊராட்சியும் வானூர் ஊராட்சி ஒன்றியமும் உள்ளன.

1952 அக்டோபர் 2-இல் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, பல இலாகாக்களின் உதவியையும் கிராமத்துக்குக் கொண்டுசேர்க்கக் கிராம சேவகர் என்னும் ஓர் ஊழியர் நியமிக்கப்பட்டார். அந்த ஒற்றை வாசல் இன்று இல்லை. அதன் இடத்தை நிரப்பவேண்டியவை சங்கமும் கிராம சபையும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கு நிறைவேறும் தீர்மானம் தனி மனுவைவிடக் கனமுள்ளது.

மேலிருந்து வரும் கொள்கை, கீழிருந்து செல்லும் கணக்கைப் பொறுத்தே பலன் தரும். ஆகவே அங்கத்தினர்கள் இவ்வாரமே தங்கள் அடங்கல் பதிவைப் பார்த்துக்கொள்ளுமாறும், மனுவின் நகலுக்குத் தேதியிட்ட ஒப்புகை பெற்றுச் சங்கத்தில் வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.