பின்னால் எரியாத சிவப்பு விளக்கு

காரில் வரும் பல கோளாறுகள் ஓட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும். பிரேக் விளக்கு எரியாததோ அவர் கண்ணில் எளிதில் படாது. அது பின்னால் வருகிறவருக்காக எரியும் விளக்கு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை அருகே கல்கத்தா நெடுஞ்சாலையில், இரவு நேரத்தில், பின்னால் வருவது பாரம் ஏற்றிய லாரியாக இருந்தால்?

திருவள்ளூருக்கு அருகில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998-ம் ஆண்டு முதல் 'மிட்சுபிஷி லான்சர்' கார்கள் தயாராயின. அன்று புது மெருகுடன் வெளிவந்தவை இன்று கிழடு தட்டிவிட்டன. கிழட்டுக் காரில் பிரேக் விளக்கு மக்கர் செய்தால் என்ன செய்வது?

மாலை மயங்கியதும் காரை ஒரு வெள்ளைச் சுவருக்கு முதுகைக் காட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையா? பல்பைக் கழற்றுங்கள். பல கார்களில் ஒரே பல்பில் இரண்டு இழைகள் இருக்கும்: பிரேக்குக்கு 21 வாட், பின் விளக்குக்கு 5 வாட். ஒன்று அறுந்தாலும் மற்றது எரிவதால் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

பல்பு நன்றாக இருந்தும் மங்கலாக எரிகிறதா? பிரேக்கை மிதித்தால் பக்கத்துத் திருப்ப விளக்கும் சேர்ந்து மினுக்குகிறதா? 'எர்த்' சரியில்லை என்று அர்த்தம். கடலோர உப்புக் காற்றில் எர்த் ஒயர் சேரும் இடம் துருப்பிடிப்பது சகஜம். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, திருகை இறுக்கினால் போதும். இது தெரியாமல் பல்பு மேல் பல்பாக வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு!

இரண்டு பக்கமும் எரியாவிட்டால் முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். போட்ட பியூஸ் மறுபடியும் போனால், எங்கோ ஒயரின் தோல் உரிந்திருக்கிறது; டிக்கியில் சாமான் இடிக்கும் இடத்தைத் தேடுங்கள். பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுவது காருக்கே தீ வைக்கிற வேலை. பியூஸ் சரியாக இருந்தால், பெடலுக்கு மேலுள்ள சுவிட்சின் இரு ஒயர்களையும் சிறு கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். விளக்கு எரிந்தால் சுவிட்சுதான் குற்றவாளி. அதைவிடப் பழைய சில கார்களில் இந்த சுவிட்ச் பிரேக் எண்ணெய்க் குழாயிலேயே இருக்கும். அதைக் கழற்றினால் குழாயில் காற்று புகுந்து பிரேக்கே பிடிக்காமல் போகலாம்; மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

காலை எடுத்த பிறகும் விளக்கு அணையாமல் எரிவது இன்னொரு விசித்திரம். பெடல் தண்டில் சுவிட்சின் முனை அழுந்தும் இடத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குமிழ் உண்டு. வயதாகிவிட்டால் அது பொடிந்து உதிர்ந்துவிடும். சுவிட்சின் முனை அந்த ஓட்டைக்குள் நுழைந்துகொள்ள, விளக்கு விடிய விடிய எரிந்து பாட்டரியைக் காலி செய்துவிடும். காலையில் கார் கிளம்பாதபோது, பாட்டரிக்கடைக்கு ஓடுமுன் ஓட்டுகிறவரின் காலடியில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள்.