மற்போர்க் களத்தில் சாக்ஷி மாலிக்

நாம் வாழும் இத்தீவுக் கூட்டத்தின் தென்பகுதியில், நிக்கோபார் பழங்குடி மக்களிடையே ‘கிரிப்’ என்னும் விளையாட்டு வழங்கி வருகிறது. இருவர் ஒருவரையொருவர் முதுகுப்புறமாகக் கைகோத்து இறுகப் பற்றிக்கொள்வர். பிடியைத் தளர்த்துதல் கூடாது. எவர் முதுகு தரையைத் தொடுகிறதோ அவரே தோற்றவர். இத்தகைய விளையாட்டை இந்தியில் ‘குஸ்தி’ என்பர். தமிழில் இதன் பழைய பெயர் மற்போர். அதில் வல்லவன் மல்லன். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு ‘மாமல்லன்’ என்ற பட்டம் இருந்தது. விடுமுறையில் தமிழ்நாட்டிற்குச் செல்லும்போது நீங்கள் காணக்கூடிய மாமல்லபுரம் அப்பெயரைத் தாங்கிய ஊரே.

நெடுங்காலம் இக்களம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்டது. ஒலிம்பிக் போட்டிகளில் பெண்கள் மற்போர் 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் அரியானா மாநிலத்தின் ரோத்தக் நகரில், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி மற்போர்ப் பயிற்சியில் சேர்ந்தாள். அவளே சாக்ஷி மாலிக்.

சாக்ஷி 1992 செப்டம்பர் 3 அன்று ரோத்தக் மாவட்டத்தின் மோக்ரா கிராமத்தில் பிறந்தார். தந்தை தில்லிப் பேருந்தில் நடத்துநர். தாய் அங்கன்வாடி மேற்பார்வையாளர். தாத்தா ஊரறிந்த மல்லர். பயிற்சியாளர் ஈஸ்வர் தாகியா பெண் பிள்ளைகளுக்கும் மற்போர் கற்பித்தார். அதனை ஊரார் பலர் எதிர்த்தனர். எதிர்ப்புக்கு அவர் செவிசாய்க்கவில்லை. பயிற்சியில் மோதுவதற்குப் போதிய பெண்கள் இல்லாமையால் சாக்ஷி ஆண்பிள்ளைகளுடனும் மோதிப் பழகினார்.

அவர் பயின்றது கட்டற்ற பாணி மற்போர். கிரேக்க-ரோமானிய பாணியில் இடுப்புக்குக் கீழே பிடித்தல் கூடாது. கட்டற்ற பாணியில் காலையும் பற்றி வீழ்த்தலாம். ஒன்பது மீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்குள் ஆட்டம் நடைபெறும். மூன்று நிமிடம் கொண்ட இரு பகுதிகள். இடையே முப்பது நொடி ஓய்வு. எதிராளியை வீழ்த்தி அடக்கினால் 2 புள்ளி, வட்டத்திற்கு வெளியே தள்ளினால் 1 புள்ளி. இரு தோள்களையும் விரிப்பில் அழுத்திவிட்டால் புள்ளிக்கணக்கே தேவையில்லை. ஆட்டம் அப்போதே முடிந்துவிடும்.

2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் சாக்ஷி வெள்ளி வென்றார். 2016 மே மாதம் துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரில் நடந்த தகுதிச்சுற்றில் ரியோ ஒலிம்பிக்கிற்கான இடத்தைப் பெற்றார்.

ரியோவில் 58 கிலோ எடைப்பிரிவின் ஆட்டங்கள் அனைத்தும் ஒரே நாளில் நடந்தன. முதலில் சுவீடன் வீராங்கனையை 5–4 என்ற கணக்கில் வென்றார். அடுத்து மால்டோவா வீராங்கனையுடன் 5–5 எனச் சமநிலை. விதிப்படி வெற்றி சாக்ஷிக்கு. காலிறுதியில் ரஷ்யாவின் வலேரியா கோப்லோவாவிடம் 2–9 எனத் தோற்றார். வேறு பல விளையாட்டுகளில் இத்துடன் மூட்டை கட்ட வேண்டியதுதான். மற்போரிலோ ‘ரெபசாஜ்’ எனப்படும் மறுவாய்ப்புச் சுற்று உண்டு. நம்மை வென்றவர் இறுதிப் போட்டிக்குச் சென்றால், வலியவரிடம் தோற்றோம் என்று கருதி, வெண்கலத்திற்குப் போட்டியிட நமக்கு வழி திறக்கும். விளையாட்டு விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஆனால் அந்த வாய்ப்பு தோற்றவர் கையில் இல்லை. வென்றவர் மேலும் வெல்ல வேண்டும். கோப்லோவா இறுதிப் போட்டிக்குச் சென்றார். சாக்ஷிக்கு வழி திறந்தது.

மறுவாய்ப்புச் சுற்றில் மங்கோலிய வீராங்கனையை 12–3 என எளிதில் வென்றார். வெண்கலத்திற்கான ஆட்டத்தில் எதிரே நின்றவர் கிர்கிஸ்தானின் ஐசுலு தினிபெகோவா. முதற்பகுதி முடிவில் 0–5. இரண்டாம் பகுதியில் சாக்ஷி சிறுகச் சிறுகப் புள்ளி சேர்த்து 5–5 எனச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில் மீண்டும் வீழ்த்தி 2 புள்ளிகள் பெற்றார். எதிர்த்தரப்பு முறையிட்டது, முறையீடு தள்ளுபடியானதால் மேலும் 1 புள்ளி சேர, கணக்கு 8–5 என்றாயிற்று. இந்தியாவில் அப்போது ஆகஸ்ட் 18 அதிகாலை. ஒலிம்பிக் மற்போரில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அந்த ரியோ போட்டியில் இந்தியா பெற்ற முதற்பதக்கமும் அதுவே.

பின்வந்த ஆண்டுகள் எளியனவாக இல்லை. தம்மைவிட இளையவரான சோனம் மாலிக்கிடம் தேர்வுப் போட்டிகளில் தோற்றதால் டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு அவர் செல்லவில்லை. எனினும் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் இறுதிப் போட்டியில் 0–4 எனப் பின்தங்கியிருந்த நிலையில், கனடா வீராங்கனையின் தோள்களை விரிப்பில் அழுத்தித் தங்கம் வென்றார்.

2023ஆம் ஆண்டு அவரது போராட்டம் களத்திற்கு வெளியே நடந்தது. வீராங்கனைகளிடம் மற்போர்க் கூட்டமைப்பின் தலைவர் முறைகேடாக நடந்துகொண்டார் என்று குற்றஞ்சாட்டி, சாக்ஷியும் பிற வீரர்களும் தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்து போராடினர். தலைவர் அதனை மறுத்தார். வழக்கு நீதிமன்றம் சென்றது. அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நடந்த தேர்தலில் அவருக்கு நெருக்கமானவரே புதிய தலைவரானார். அன்றே சாக்ஷி செய்தியாளர்கள்முன் கண்ணீருடன் ஓய்வை அறிவித்துத் தம் மற்போர்க் காலணிகளை மேசைமீது வைத்துவிட்டு எழுந்து சென்றார்.